நாள்பட்ட வலியோடு வாழ்பவர் எந்தத் துணைக் காப்பீட்டை எடுப்பது?

கேள்வி: எனக்கு வயது 47. பள்ளத்தூரில் குடியிருந்துகொண்டு காரைக்குடியில் ஓர் இரும்புக் கடையில் கணக்கு எழுதுகிறேன். மாதச் சம்பளம் 24,000 ரூபாய். ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் எனப்படும் முதுகெலும்பு வாதத்தால் பல ஆண்டுகளாக வலி; இடுப்பு மூட்டுகளும் பாதிக்கப்பட்டுள்ளன. 45 சதவீத மாற்றுத்திறனாளி சான்று வைத்திருக்கிறேன். சம்பளம் 21,000 ரூபாயைத் தாண்டியதும் இஎஸ்ஐ எனும் தொழிலாளர் அரசுக் காப்பீடு நின்றுவிட்டது. கடையில் எடுத்துத் தந்த குழுக் காப்பீடு குடும்பத்துக்கு 3 லட்சம். உறவுக்கார முகவர் ஒருவர் டாப்-அப், மருத்துவமனை தினப்படி, கடும் நோய்க் காப்பீடு ஆகிய மூன்றையும் சொல்கிறார். எதை எடுக்கலாம்? நோயைச் சொன்னால் பாலிசி கிடைக்காது என்கிறாரே, அது உண்மையா?

பதில்: கணக்கு எழுதுபவர் என்பதால் ஒரு வேலை சொல்கிறேன். போன ஆண்டு வலிக்காக ஆன செலவைப் பேரேட்டில் இரண்டு பத்தியாக எழுதுங்கள். மருத்துவமனையில் படுத்த செலவு ஒரு பத்தி. மாத்திரை, ரத்தப் பரிசோதனை, பிசியோதெரபி, மதுரைக்குப் போய் மருத்துவரைப் பார்த்துவந்த செலவு மறு பத்தி. உங்களைப் போன்றவர்களுக்குப் பெரும்பாலும் இரண்டாவது பத்திதான் நீளமாக இருக்கும். முகவர் சொன்ன மூன்று பாலிசிகளுமே அந்தப் பத்தியைத் தொடுவதில்லை. படுக்கையில் சேர்ந்தாலோ, பட்டியலில் உள்ள ஒரு நோய் வந்தாலோதான் அவை பணம் தரும்.

எனவே பாலிசிக்கு முன் இஎஸ்ஐயைப் பார்ப்போம். பொதுவான ஊதிய வரம்பு 21,000 ரூபாய் என்பது சரி. ஆனால் மாற்றுத்திறனாளி ஊழியருக்கு அந்த வரம்பு 25,000 ரூபாய். உங்கள் சம்பளம் 24,000 என்பதால், கடை இஎஸ்ஐயில் பதிவாகியிருக்கும் நிலையில், உங்களைச் சேர்த்திருக்க வேண்டும். சான்றின் நகலை முதலாளியிடம் எழுத்து மூலம் கொடுத்துக் கேளுங்கள். கடைக்காரர்கள் பலருக்கு இந்த விதி தெரியாது. உங்கள் பங்கு சம்பளத்தில் 0.75 சதவீதம், அதாவது மாதம் 180 ரூபாய். முதலாளியின் பங்கு 3.25 சதவீதம், 780 ரூபாய். புறநோயாளி சிகிச்சையும் மருந்தும் இதில் அடங்கும், குடும்பத்துக்கும் உண்டு, ஏற்கெனவே உள்ள நோய்க்கு இத்தனை மாதம் கழித்துத்தான் பணம் தருவோம் என்ற காத்திருப்புக் காலம் கிடையாது. மருந்தகத்தில் வரிசையில் நிற்க வேண்டியிருக்கும், நீண்ட நேரம் நிற்பது உங்களுக்குச் சிரமம் என்பதும் தெரியும். ஆயினும் மாதாமாதம் வரும் வலிச் செலவுக்கு உங்கள் வருமானத்தில் இதைவிடப் பொருத்தமான ஏற்பாட்டை நான் காணவில்லை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை கிடைக்கும் என்றாலும், குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும் என்பதால் இப்போது அது உங்களுக்குப் பொருந்தாது. வேலை போனால் அந்தக் கதவு திறக்கும். நடமாட முடியாத நாட்களுக்கு, மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தருகிறார்கள். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பாருங்கள்.

இனி, எப்போதோ வந்தாலும் குடும்பத்தையே சாய்த்துவிடக்கூடிய பெரிய செலவு. துணைக் காப்பீடு எடுப்பது இதற்காகத்தான். உங்கள் நோயில் இடுப்பு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை தேவைப்படலாம். சிலருக்கு இரு பக்கமும் செய்ய நேரும். கணக்குக்காக ஒரு பக்கத்துக்கு இரண்டரை லட்சம் என்று வைத்துக்கொள்வோம். ஆடியில் ஒன்று, அதே பாலிசி ஆண்டுக்குள் கார்த்திகையில் மற்றொன்று நடக்கிறது. மொத்தம் 5 லட்சம். டாப்-அப் என்பது கழிவுத்தொகை எனப்படும் ஒரு வரம்பைச் செலவு தாண்டினால், தாண்டிய பகுதியை மட்டும் தரும் பாலிசி. நீங்கள் 3 லட்சம் கழிவுத்தொகையுள்ள சாதாரண டாப்-அப் எடுத்திருந்தால், ஒவ்வொரு பில்லும் தனித்தனியே 3 லட்சத்தைத் தாண்ட வேண்டும். இரண்டும் தாண்டவில்லை என்பதால் ஒரு ரூபாய்கூட வராது. சூப்பர் டாப்-அப் என்றால் ஆண்டின் மொத்தச் செலவைக் கூட்டிப் பார்ப்பார்கள். கடையின் குழுக் காப்பீடு 3 லட்சத்தைக் கொடுத்தபின், மீதி 2 லட்சத்தைச் சூப்பர் டாப்-அப் கொடுக்கும். திரும்பத் திரும்பச் சிகிச்சை தேவைப்படும் உடம்புக்குச் சாதாரண டாப்-அப் உதவாது. பெயர் ஒன்றுபோல இருப்பதால், 'கழிவு ஒரு சேர்க்கைக்கா, ஆண்டு மொத்தத்துக்கா' என்று கேட்டு, பாலிசி ஆவணத்திலேயே அந்த வரியைக் காட்டச் சொல்லுங்கள்.

ஆனால் இதில் ஓர் ஓட்டை இருக்கிறது. கடையை விட்டால் குழுக் காப்பீடு போய்விடும், சூப்பர் டாப்-அப்பின் 3 லட்சக் கழிவு மட்டும் அப்படியே நிற்கும். ஆகவே உங்கள் பெயரில் சிறிய அடிப்படைப் பாலிசி ஒன்றும் தேவை. ஆரோக்கிய சஞ்சீவனி போன்ற எளிய பாலிசி போதும். இப்போது பயன்படாதே என்று தள்ளிப்போடாதீர்கள். ஏற்கெனவே உள்ள நோய்க்கான காத்திருப்புக் காலம் 2024 முதல் அதிகபட்சம் 36 மாதம். முன்பு 48 மாதமாக இருந்தது. பாலிசி எடுத்த நாளிலிருந்துதான் இந்தக் கடிகாரம் ஓடும். கையில் ஒன்றுக்குத்தான் பணம் உண்டு என்றால், அடிப்படைப் பாலிசியை முதலில் எடுங்கள், சூப்பர் டாப்-அப் பிறகு வரட்டும். மனைவிக்கும் பிள்ளைகளுக்கும், ஒரே தொகையை அவர்கள் பகிர்ந்துகொள்ளும் தனி மிதவைப் பாலிசி எடுப்பது நல்லது; உங்கள் சிகிச்சை அவர்கள் தொகையைக் கரைக்காது.

மருத்துவமனை தினப்படி என்பது படுத்த நாளுக்கு இவ்வளவு என்று தருவது. கடும் நோய்க் காப்பீடு புற்றுநோய், மாரடைப்பு போன்ற பட்டியலுக்குள் வரும் நோய்களுக்கு. நாள்பட்ட வலி பொதுவாக அதில் இராது. இரண்டையும் விட்டுவிடுங்கள். வரிச்சலுகை கிடைக்கும் என்று முகவர் சொன்னால் அதையும் பொருட்படுத்த வேண்டாம். ஆண்டுக்கு 2,88,000 ரூபாய் வருமானத்துக்கு வரியே இல்லை.

நோயைச் சொல்லாமல் எடுப்பது பற்றி. நம் பக்கத்தில் முகவர் பெரும்பாலும் பங்காளியாகவோ சம்பந்தக்காரராகவோ இருப்பார். 'நான் பார்த்துக்கொள்கிறேன் அண்ணே, கையெழுத்தை மட்டும் போடுங்கள்' என்று படிவத்தை நீட்டுவார். முகதாட்சண்யத்துக்காகக் கையெழுத்திடாதீர்கள். 'மூட்டு, முதுகெலும்பு நோய் உண்டா' என்ற கேள்விக்கு எதிரே 'இல்லை' என்று அவர் குறித்தாலும் சட்டப்படி அது உங்கள் பதில்தான். தொடர்ந்து 60 மாதம் கட்டி முடியும்வரை, மறைத்ததைக் காட்டிக் கோரிக்கையை நிராகரிக்கவும் பாலிசியை ரத்து செய்யவும் நிறுவனத்தால் முடியும். மோசடி என்று நிரூபித்தால் அதன் பிறகும் முடியும். மாற்றுத்திறனாளி சான்றே நோயின் ஆதாரமாக இருக்கும்போது மறைக்க என்ன இருக்கிறது? பாலிசியே கிடைக்காது என்பதும் முழு உண்மையன்று. மாற்றுத்திறனாளிகளுக்கென ஒரு பாலிசியாவது வைத்திருக்க வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2023 பிப்ரவரியில் எல்லா நிறுவனங்களுக்கும் உத்தரவிட்டுள்ளது. பிரீமியம் கூடலாம். ஒரு நிறுவனம் மறுத்தால் அடுத்ததைக் கேளுங்கள்.

பாலிசி கைக்கு வந்ததும் விலக்குப் பட்டியலில் 04, 05 ஆகிய எண்களைப் படியுங்கள். பரிசோதனைக்காக மட்டும் சேர்வதும், ஓய்வு, மறுவாழ்வுச் சிகிச்சைக்காகச் சேர்வதும் அவற்றின்படி விலக்கு. வலி நோயாளிகளின் கோரிக்கைகள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இங்கேதான். டிஸ்சார்ஜ் அறிக்கையில் 'முதுகு வலி, எம்ஆர்ஐ எடுக்கப்பட்டது, பிசியோதெரபி தரப்பட்டது' என்று மட்டும் இருந்தால் நிராகரிப்பு ஏறக்குறைய உறுதி. நோயின் முழுப் பெயர், நரம்பு பாதிப்பின் அறிகுறிகள், வீட்டிலிருந்து ஏன் பார்க்க இயலவில்லை என்ற காரணம் ஆகியவை உண்மையாக உள்ளபடி பதிவாக வேண்டும் என்று மருத்துவரிடம் கேட்பது உங்கள் உரிமை. நரம்புத் தடுப்பு ஊசி, ரேடியோ அதிர்வெண் சிகிச்சை போன்றவை சில மணி நேரத்தில் முடிவதால், அவை பகல்நேரச் சிகிச்சையாக ஏற்கப்படுமா, புறநோயாளிச் செலவாகத் தள்ளப்படுமா என்பதை முன்கூட்டியே மின்னஞ்சலில் கேட்டுப் பதிலை வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் நோய்க்குச் சிலருக்குத் தரப்படும் மோனோகுளோனல் ஆன்டிபாடி ஊசி முற்றிலும் விலக்கப்படக்கூடாத நவீனச் சிகிச்சைகளுள் ஒன்று. ஆனால் உச்சவரம்பு வைக்கலாம், வீட்டில் நீங்களே போட்டுக்கொண்டால் பொதுவாகக் கிடைக்காது.

மண்டல விலையும் நம் ஊருக்கு முக்கியம். சிறிய ஊர்க்காரர் என்று குறைந்த பிரீமியம் வாங்கும் சில பாலிசிகள், சென்னையில் சிகிச்சை எடுத்தால் பில்லில் ஒரு பகுதியை உங்கள் தலையில் வைக்கும். மதுரை, திருச்சியோடு முடியுமென்றால் சரி.

பாலிசி கிடைத்த நாளிலிருந்து 30 நாளுக்குள் பிடிக்கவில்லை என்று திருப்பிக் கொடுக்கலாம். மேற்சொன்ன வரிகளை அந்த நாட்களிலேயே படித்துவிடுங்கள். பின்னாளில் கோரிக்கை நிராகரிக்கப்பட்டால், காரணத்தை எழுத்தில் வாங்கி, முதலில் நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ வந்த பதில் சரியில்லை என்றாலோ, சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் ஓராண்டுக்குள் மனுச் செய்யலாம். கட்டணமும் வழக்கறிஞரும் தேவையில்லை.