இம்மின்ட்ரின் ஃபைலை காப்பி செய்யாதீர்கள்

கேள்வி: பழைய இன்டெல் டெஸ்க்டாப்பில் பிரச்சினை இல்லாமல் கம்பைல் ஆன ஒரு இமேஜ் புராசஸிங் புரோகிராமை 64-பிட் ஆர்ம் போர்டுக்குக் கொண்டுபோனேன். முதலில் '-எம்எஸ்எஸ்இ4.2' என்ற ஆப்ஷன் தெரியாது என்றது. அதை நீக்கினால் 'இம்மின்ட்ரின்.ஹெச்' ஃபைல் இல்லை என்கிறது, பின்னாடியே வரிசையாக எரர்கள். அந்த ஃபைலை பழைய மெஷினிலிருந்து எடுத்துப் போடச் சொல்கிறார் நண்பர். போடலாமா?

பதில்: போடாதீர்கள். அந்த ஃபைலுக்குள் சொந்தமாக எதுவும் கிடையாது. இன்டெல் வகை புராசஸருக்கான கம்பைலர் தன் வயிற்றுக்குள் வைத்திருக்கும் கட்டளைகளைக் கூப்பிடும் வெறும் உறைதான் அது. ஆர்ம் கம்பைலரிடம் அந்தக் கட்டளைகளே இல்லை, அதனால் காப்பி செய்தால் ஒரு எரர் போய் ஆயிரம் எரர் வரும்.

முதலில் வந்த எரரை மட்டும் பாருங்கள், மற்றதெல்லாம் அதன் வால். கம்பைல் வேலையை நடத்தும் மேக் கமாண்டை '-ஜே1' (ஒரு நேரத்தில் ஒரே வேலை) போட்டு ஓட்டினால் எது முதல் என்று குழப்பமில்லாமல் தெரியும். அப்புறம் பழைய மெஷினில் உருவான பில்ட் ஃபோல்டரையும் சேர்த்துக் கொண்டுவந்திருந்தால் அதை முழுசாக அழித்துவிடுங்கள். பழைய ஆப்ஜெக்ட் ஃபைல்கள் (பாதி கம்பைல் ஆன துண்டுகள்) கிடந்தால் 'ஃபைல் இன் ராங் ஃபார்மட்' என்று அவற்றை ஒட்டவைக்கும் லிங்கர் கத்தும், பில்டுக்குத் திட்டம் போடும் சிமேக்கின் கேஷ் ஃபைலோ 'மேக் கிளீன்' கொடுத்தாலும் போகாது.

இனி சோர்ஸ் கோடைத் திறந்து, 'இம்மின்ட்ரின்.ஹெச்' என்ற அந்த ஹெடரை நம்பியிருக்கும் ஃபங்ஷன் பெயர்களைப் பாருங்கள். 'எம்எம்' என்று மட்டும் தொடங்கினால் அது 128-பிட் எஸ்எஸ்இ வேலை, அதாவது பல எண்களை ஒரே அடியில் கணக்கிடும் இன்டெல் கட்டளைகள். அதே வேலையைச் செய்யும் ஆர்மின் நியான் ரெஜிஸ்டரும் 128 பிட்தான் என்பதால் 'எஸ்எஸ்இ2நியான்' என்ற இலவச ஹெடரை பழையதற்குப் பதிலாக இன்க்ளூட் செய்தாலே பெரும்பாலும் கம்பைல் ஆகிவிடும். 'எம்எம்256' என்று தொடங்கினால் அதைவிட அகலமான, 256-பிட் ஏவிஎக்ஸ், அதற்கு இது போதாது. 'சிம்டி' என்ற லைப்ரரியை எடுங்கள். இரண்டுக்கும் முன்னால், வேகத்துக்கான அந்தக் கட்டளைகள் இல்லாமல் சாதாரண சி-யில் எழுதிய மாற்று வழி அதே சோர்ஸில் இருக்கிறதா என்று தேடுங்கள். பல புரோஜெக்ட்களில் ஒரு பில்ட் ஆப்ஷனில் அது ஒளிந்திருக்கும். 'லினக்ஸில் ஓடும்' என்று கொட்டை எழுத்தில் போடுபவர்கள் எந்த புராசஸரில் என்று ஒரு வரி எழுதினால் குறைந்தா போய்விடுவார்கள்?

இங்கேதான் 'போர்ட் பண்ணித் தருகிறேன்' ஆசாமிகள் வருவார்கள். ஜாக்கிரதை. எரர் வரும் வரிகளை கமென்ட் போட்டு மூடிவிட்டு, கம்பைல் ஆகிவிட்டது என்று காசு வாங்கிக்கொள்வார்கள். உங்கள் படம் கறுப்பாக வரும். இன்னும் சிலர் இன்டெலுக்குக் கம்பைல் ஆன பைனரியையே எமுலேட்டரில் (இன்டெல் போல நடிக்கும் புரோகிராம்) ஓட்டிக் காட்டுவார்கள், வேகம் நத்தையாக இருக்கும். காசு கொடுக்கும் முன் 'ஃபைல்' கமாண்டை அந்த பைனரி மேல் ஓட்டிப் பாருங்கள். 'எக்ஸ்86-64' என்று வந்தால் ஏமாற்று. முன்பின் தெரியாத இடத்திலிருந்து இறக்கிய ரெடிமேட் பைனரியை ரூட்டாக (முழு அதிகாரத்தோடு) ஓட்டச் சொன்னால், கேட்கவே வேண்டாம்.

சரி, கம்பைல் ஆன பிறகும் ஒரு வம்பு உண்டு, இதற்கு எரரே வராது. சி மொழியில் ஒரு பைட் வைக்கும் வகையை வெறும் 'கேர்' என்று எழுதினால் இன்டெல் லினக்ஸில் அது -128 முதல் 127 வரை, ஆர்ம் லினக்ஸில் 0 முதல் 255 வரை. ஃபைல் முடிந்தது என்பதற்கான -1-ஐ ஒரு கேரில் வைத்து ஒப்பிட்டால், ஆர்மில் அது 255 ஆகிவிடும், -1 என்று ஒருநாளும் ஆகாது, லூப் முடியவே முடியாது. '-எஃப்சைன்ட்-கேர்' ஆப்ஷன் கொடுத்தால் இன்டெல் வழக்கத்துக்குத் திரும்பும். ஆனால் ஆர்ம் என்றாலே இப்படித்தான் என்று நினைத்துவிடாதீர்கள்: ஆப்பிளின் ஆர்ம் மேக் கம்ப்யூட்டரில் கேர் மைனஸ் உள்ள வகைதான், விண்டோஸ் ஆர்மிலும் அப்படியே. எனவே நண்பரின் மேக்கில் சரியாக ஓடியது உங்கள் போர்டில் தொங்கினால் மேக்கைச் சாட்சிக்கு அழைக்காதீர்கள், புராசஸர் ஒன்றானாலும் ஓஎஸ் வகுக்கும் விதி வேறு. நிரந்தரத் தீர்வு, அந்த இடத்தில் -1-ஐயும் தாங்கும் 'இன்ட்' என்ற முழு எண் வகைக்கு மாற்றுவது.

கடைசியாக 'கில்ட்' (கொல்லப்பட்டது) என்று சொல்லி கம்பைலர் பாதியில் செத்தால், பெரும்பாலும் ரேம் போதவில்லை. அப்போதும் '-ஜே1' போட்டு ஓட்டுங்கள், இல்லையென்றால் ஸ்வாப் (ரேமுக்கு உதவியாக டிஸ்கில் ஒதுக்கும் இடம்) சேருங்கள்.