மொட்டை மாடியில் கரி அடுப்பில் சோளம் சுட்டால் வெளியே கருகுகிறது, உள்ளே வேகவில்லை. என்ன செய்வது?

தணலைத்தான் முதலில் பார்க்க வேண்டும். கரி கொழுந்துவிட்டு எரியும்போதே கதிரை வைத்தால் இப்படித்தான் ஆகும். தீ அடங்கி, கரிமேல் வெள்ளையாகச் சாம்பல் பூக்கும்வரை பொறுங்கள். மெரினாவில் சோளம் சுடும் அக்காக்களைக் கவனித்திருப்பீர்கள். ஒரு கையில் விசிறி, மறு கையில் கதிர். விசிறிக்கொண்டே கதிரைத் திருப்பியபடி இருப்பார்கள். முத்து 'பட்' என்று வெடிக்கும் சத்தம் கேட்டதும் அடுத்த பக்கம்.

அப்புறம், எந்தச் சோளம் என்பதும் முக்கியம். நாட்டு மக்காச்சோளத்தில் மாவுச்சத்து அதிகம், நேரடியாகத் தணலில் சுடலாம். ஸ்வீட் கார்னில் சர்க்கரை அதிகம், அதனால் சீக்கிரம் கருகும். அதைத் தோலோடு சுடுவதுதான் என் வழக்கம். தோலைக் கழற்றாமல் விலக்கி, நாரை உருவிவிட்டு, மறுபடி மூடி 20 நிமிடம் தண்ணீரில் ஊறவையுங்கள். தணலில் 15 நிமிடம், திருப்பித் திருப்பி. தோலுக்குள் ஆவியிலேயே வெந்துவிடும். கடைசி 2 நிமிடம் தோலை விலக்கிக் காட்டினால் அந்தச் சுட்ட வாசனையும் வந்துவிடும்.

பறித்ததிலிருந்தே கதிரின் சர்க்கரை மாவுச்சத்தாக மாறத் தொடங்கும். அதனால் வாங்கிய அன்றே சுடுங்கள்.

வெண்ணெயை முன்பே தடவ வேண்டாம், தணலில் சொட்டிப் புகையும். பாதி எலுமிச்சையை உப்பு, மிளகாய்த்தூளில் தொட்டு, சூடு ஆறுமுன் அழுத்தித் தேயுங்கள். சாறு முத்துகளின் இடுக்கில் இறங்க வேண்டும்.