காதுக்குள் அணியும் கருவி காட்டுவது மூளை அலைதானா என்பதை எப்படி உறுதிசெய்வது?

இப்படியொரு கருவியை நீங்களே உருவாக்கிக்கொண்டிருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். கண்ணை மூடியதும் ஆல்ஃபா அலை உயர்ந்தால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள்; போதாது. விநாடிக்கு 8 முதல் 13 முறை துடிக்கும் அந்த அலையை ஜெர்மானிய மருத்துவர் ஹான்ஸ் பெர்கர் 1929-இலேயே எழுதிவைத்துவிட்டார். அது தெரிவது நல்ல தொடக்கம், அவ்வளவே.

நான் ஒரு மருத்துவமனையின் ஈஈஜி பிரிவில், அதாவது தலையில் மின்முனைகளை ஒட்டி மூளையின் மின்னலைகளைப் பதியும் பிரிவில், பணியாற்றுகிறேன். எங்களிடம் வந்த ஒரு காதுக்கருவியை, மனிதர் காதில் வைப்பதற்கு முன், கடல்பாசியையும் உப்பையும் நீரில் காய்ச்சி உறையவைத்த போலித் தலையில் பொருத்தினேன். மூளையே இல்லாத அந்தக் கட்டிக்கும் செயலி ‘ஆழ்ந்த கவனம்’ என்று மதிப்பெண் வழங்கியது. கொண்டுவந்தவர்கள், இது முறையான சோதனை அன்று எனக் கோபித்துக்கொண்டார்கள். முதற்சோதனை அதுதான் என்றே இன்றும் சொல்வேன்: அலை இல்லாத இடத்தில் ‘இல்லை’ என்று சொல்லத் தெரியாத கருவி, இருக்கும் இடத்தில் சொல்வதை எதைக் கொண்டு நம்புவது?

அதன் பிறகு, தலையில் வழக்கமான ஈஈஜியும் காதில் உங்கள் கருவியுமாக ஒரே நேரத்தில் பதிவுசெய்யுங்கள். இரண்டின் கடிகாரங்களும் மெல்ல விலகிப்போகும் என்பதால், தொடக்கத்திலும் முடிவிலும் இரண்டிலும் பதியும் பொதுக் குறியீடு வேண்டும். விநாடிக்கு 40 முறை ஏறியிறங்கும் ஒலியைக் கேட்கும் மூளை அதே வேகத்தில் எதிர்வினை காட்டும். ஆனால் ஒலிபெருக்கியின் மின்கசிவும் அதே வேகத்தில் பதிவுக்குள் புகக்கூடும். ஆகவே ஒலி காதை எட்டாதபடி அடைத்துவிட்டு மீண்டும் பதியுங்கள். அப்போதும் 40 தெரிந்தால் அது மூளையிலிருந்து வந்ததன்று. பேசவும் மெல்லவும் சொல்லிப் பதிவதையும் தவிர்க்காதீர்கள். தாடை அசைந்தால் காதுக்குழாயின் வடிவமே மாறும், தாடைத் தசையின் மின்னழுத்தமோ மூளை அலையைவிடப் பன்மடங்கு பெரிது.

இத்தகைய கருவிகளே வீண் என்று நான் சொல்வதாக யாரும் எண்ண வேண்டாம். டென்மார்க்கின் ஆர்ஹூஸ் பல்கலைக்கழகத்தார் பங்கேற்று 2019-இல் வெளியான ஆய்வில், 20 பேர் தலா 4 இரவுகள் தலைப்பதிவுடன் காதுக்கருவியையும் அணிந்து உறங்கினார்கள். உறக்கநிலைகளைப் பிரிப்பதில் இரண்டுக்குமான கோஹன் கப்பா 0.73; தற்செயலாகப் பொருந்துவதைக் கழித்துவிட்டு ஒப்பைக் காட்டும் அளவு இது, முழுதாக ஒத்துப்போனால் 1. தேர்ந்த இருவர் ஒரே பதிவைத் தனித்தனியே பிரித்தாலும் முழுதாக ஒத்துப்போவதில்லை என்பதை நினைத்தால், இது மதிக்கத்தக்க எண்.

என் மனக்குறை வேறு. விற்பனைக்காரர்கள் எங்களுக்குக் காட்டும் அறிக்கைகளில், மின்முனை சரியாகத் தொடாததால் தள்ளிவிட்ட பதிவு எத்தனை மணி நேரம் என்பது இருப்பதே இல்லை. உங்கள் அறிக்கையில் அதை முதல் பக்கத்திலேயே எழுதுங்கள்.