வளையல் கணக்கு – கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

மறதி நோய் வந்த மனைவியை ஹோமில் சேர்க்கிற புருஷனைப் பற்றிய 'அவே ஃப்ரம் ஹெர்' படத்தைக் காதல் கதை என்று நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு, போன ஞாயிற்றுக்கிழமை பார்த்தேன். தனியாகப் பார்த்திருக்கலாம், அப்பாவையும் கூட உட்காரவைத்ததுதான் தப்பு. அம்மாவுக்கும் அதே மறதி நோய், அல்சைமர் என்று டாக்டர் சொல்லி மூன்று வருஷமாகிறது. கல்யாணமாகி 41 வருஷம். இப்போதெல்லாம் அப்பாவைப் பார்த்து "நீங்க சாப்பிட்டுட்டுத்தான் போகணும்" என்கிறார், ஏதோ பத்திரிகை வைக்க வந்தவரிடம் சொல்வதுபோல. ஆனால் சாயங்காலமானால் அதே அப்பாவிடம், "என் வளையலை எப்ப மீட்டுத் தருவீங்க?" என்று கேட்கிறார். அத்தை கல்யாணத்துக்காக அடகு வைத்த வளையல். நான் பிறப்பதற்கு முன்பே முழுகிப் போய்விட்டதாம். அப்பா தினமும் "அடுத்த வாரம்" என்று பதில் சொல்கிறார்.

படம் பாதியில் இருக்கும்போது அப்பா எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். எனக்குக் கோபம்தான் வந்தது. படத்தில் 44 வருஷம் கூட இருந்த புருஷனை மறந்துவிட்டு, ஹோமில் இருக்கிற அந்த வீல்சேர் ஆளோடு அவள் ஒட்டிக்கொள்வதும், புருஷன் அந்த ஆளின் மனைவி வீட்டு வாசலிலேயே போய் நிற்பதும் நிஜத்தில் நடக்கிற காரியமா? இதையா காதல் கதை என்று எழுதினீர்கள்? இன்னொன்று, கவரிங் வளையல் ஒரு ஜோடி வாங்கி அம்மா கையில் போட்டுவிடலாமா என்று யோசிக்கிறேன். பெயர் போட வேண்டாம்.

ஒரு வாசகி, திருச்சி

•

வணக்கம்.

முதலில் மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். காதல் கதை என்று நான் எழுதியது அரைகுறை. வீட்டில் நோயாளி இருப்பவர்கள் தனியாகப் பாருங்கள் என்று ஒரு வரி சேர்த்திருக்க வேண்டும், சேர்க்கவில்லை.

நிஜத்தில் நடக்குமா என்று கேட்டீர்கள். நடந்திருக்கிறது. அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதி சாண்ட்ரா டே ஓ'கானர், அல்சைமர் வந்த கணவரைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றுதான் பதவியை விட்டார். 1952இல் கல்யாணமானவர்கள். கடைசியில் கணவரை ஃபீனிக்ஸில் ஒரு பராமரிப்பு இல்லத்தில் சேர்க்க வேண்டியதாயிற்று. போன புதிதில் மிகவும் சோர்ந்து கிடந்தவர், அங்கிருந்த இன்னொரு நோயாளிப் பெண்ணோடு பழக ஆரம்பித்ததும் தெளிந்துவிட்டார். 2007இல் அவர்கள் மகனே இதைத் தொலைக்காட்சியில் சொன்னார். அப்பா சந்தோஷமாக இருக்கிறார், அதைப் பார்த்து அம்மாவுக்கும் சந்தோஷம் என்றார். படம் வந்தது 2006இல். படத்துக்கு மூலமான சிறுகதையை எழுத்தாளர் ஆலிஸ் மன்ரோ எழுதியது 1999இல். அதாவது கதை முந்திக்கொண்டது.

ஆனால் நான் சொல்ல வந்தது இது இல்லை. இந்தப் படத்தை மறதியைப் பற்றிய படம் என்று எல்லோரும் சொல்கிறார்கள், நானும் அப்படித்தான் எழுதினேன். கழுவிய வாணலியை மனைவி ஃபியோனா ஃப்ரீசருக்குள் வைப்பதும், புருஷன் கிராண்ட் அதைப் பார்த்துக்கொண்டு நிற்பதும் உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். அதைவிடக் கனமான காட்சி அந்தக் கார் பயணம். ஹோமில் சேரப் போகிற வழியில், பேராசிரியரான கிராண்ட் தன் மாணவிகளோடு பழகிய பழைய கதையை ஃபியோனா எடுக்கிறாள். சண்டை போடவில்லை, குரல்கூட உயரவில்லை. மற்றவர்களைப்போல நீ என்னை விட்டுவிட்டுப் போகவில்லை, அந்த வகையில் பரவாயில்லை என்கிற மாதிரி பேசிக்கொண்டே வருகிறாள். அந்தப் பெருந்தன்மை இருக்கிறதே, கேட்கவே கூசும். வண்டி ஓட்டுகிறவருக்குத் திரும்பிப் பார்க்கவும் முடியாது, காதைப் பொத்திக்கொள்ளவும் முடியாது. எது மறந்துபோக வேண்டும் என்று அவர் இத்தனை வருஷம் நினைத்தாரோ அது மட்டும் பத்திரமாக இருக்கிறது.

இதில் மாயமந்திரம் ஒன்றும் இல்லை. புதிதாக நடப்பதைப் பதிந்துவைக்கிற ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியைத்தான் இந்த நோய் ஆரம்பத்திலேயே பிடிக்கிறது. அதனால் காலையில் சாப்பிட்ட இட்லி போய்விடும், பழைய வளையல் நிற்கும். பிறகு அதுவும் போகும், அது வேறு விஷயம். உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்கு ஆகுஸ்டே டேட்டர் ஞாபகம்தான் வந்தது. 1901இல் ஃப்ராங்க்ஃபர்ட் மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட 51 வயதுப் பெண், டாக்டர் அல்சைமர் இந்த நோயை விவரித்ததே இவரை வைத்துத்தான். 1907இல் அவர் வெளியிட்ட கட்டுரையில், இந்தப் பெண்ணிடம் முதலில் தென்பட்ட அறிகுறி என்று எழுதியது மறதியை அல்ல, கணவர்மேல் வந்த சந்தேகத்தை. ஞாபகசக்தி குறைந்தது என்பது அதற்கு அப்புறம்தான் வருகிறது. அந்தக் கணவர் தங்கமானவராகவே இருந்திருக்கலாம், நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனாலும் இந்த நோயின் வரலாறே ஒரு மனைவியின் புகாரிலிருந்துதான் தொடங்குகிறது என்பதை நினைக்காமல் இருக்க முடியவில்லை.

அதனால் ஃபியோனா ஏன் அந்த வீல்சேர் ஆள் ஆபிரியோடு ஒட்டிக்கொள்கிறாள் என்று நீங்கள் கோபப்படுவதை நான் வேறு பக்கத்திலிருந்து பார்க்கிறேன். சேர்த்த முதல் 30 நாள் யாரும் பார்க்க வரக்கூடாது என்பது அந்த ஹோமின் விதி. 30 நாள் கழித்துப் பூவோடு வந்து நிற்கிற புருஷனிடம் அவள் புதிதாக வந்தவரிடம் பேசுவதுபோல மரியாதையாகப் பேசிவிட்டு, சீட்டாட்ட மேஜைக்குத் திரும்பிவிடுகிறாள். உங்கள் அம்மாவின் "சாப்பிட்டுட்டுத்தான் போகணும்" இருக்கிறதே, அதேதான். கிராண்டுக்கு உடனே என்ன தோன்றுகிறது பாருங்கள். இவள் நடிக்கிறாளோ, என்னைப் பழிவாங்குகிறாளோ என்று. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும், வேறென்ன. அங்கிருக்கும் நர்ஸ் அவரிடம் ஒரு விஷயம் சொல்வாள்: பெரிதாக ஒன்றும் தப்பு நடந்துவிடவில்லை என்று கடைசியில் நினைப்பவர்கள் அநேகமாக ஆண்கள்தான், உங்கள் மனைவியும் அப்படி நினைத்தாரா தெரியவில்லை என்று. படத்தில் எனக்குப் பிடித்த இடம் அது. படத்தை எடுத்தபோது இயக்குநர் சாரா பாலிக்கு 27 வயது. அந்த வயதில் நான் மனைவி சொல்வதையே காதில் வாங்கியதில்லை.

குறைகளும் உண்டு. பனி ரொம்பச் சுத்தமாக இருக்கிறது. ஃபியோனாவாக நடித்த ஜூலி கிறிஸ்டி கடைசிவரை அழகாகவே இருக்கிறார், அவருக்கு ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது சரிதான், ஆனால் இந்த நோயில் மலமும் மூத்திரமும் தூங்காத ராத்திரிகளும் இருக்கின்றன என்பது பேராசிரியர் வீட்டில் தெரிவதே இல்லை. காசுக் கவலை ஆபிரியின் மனைவி மேரியன் வந்த பிறகுதான் படத்துக்குள் வருகிறது. புருஷனை ஹோமிலேயே வைத்திருந்தால் வீடு போய்விடும் என்று அவள் கறாராகச் சொல்கிற அந்தச் சமையலறைக் காட்சியில்தான் படம் தரையில் கால் ஊன்றுகிறது. கிராண்ட் அங்கே போனது உங்களுக்கு அருவருப்பாகத் தெரிந்திருக்கிறது. எனக்கும் முதல் தடவை அப்படித்தான். ஆபிரி வீட்டுக்குப் போனபின் சுருண்டு கிடக்கிற மனைவிக்காக, மானத்தை விட்டு அவனைத் திரும்பக் கேட்டுப் போகிறார். அங்கே போயும் பழைய குணம் முழுக்கப் போகவில்லை என்பது வேறு. அதைப் பிராயச்சித்தம் என்று நான் சொல்ல மாட்டேன். வட்டி கட்டுவது என்று வேண்டுமானால் சொல்லலாம்.

சரி, வளையல். கவரிங் வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். என் பாட்டி கண் மங்கிய காலத்தில்கூட விரலால் தடவிப் பார்த்தே தங்கமா பித்தளையா என்று சொல்லிவிடுவார். உங்கள் அம்மா கண்டுபிடித்துவிட்டால், கண்டுபிடித்ததை மறந்துபோனாலும் ஏமாற்றப்பட்ட வருத்தம் மட்டும் ராத்திரி வரை தங்கிவிடும். காரணம் தெரியாத வருத்தம் இன்னும் மோசம். "அடுத்த வாரம்" என்று அப்பா சொல்வதைப் பொய் என்று நினைத்துத் தடுக்க வேண்டாம். இத்தனை வருஷத்தில் அந்த வளையலைப் பற்றி உங்கள் வீட்டில் பேச்சு நடப்பது இப்போதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. தவறாக இருந்தால் திருத்துங்கள்.

அப்பா பாதியில் எழுந்து போனார் என்று எழுதியிருக்கிறீர்கள், எந்த இடத்தில் என்று எழுதவில்லை. அவள் சீட்டாட்ட மேஜைக்குத் திரும்புகிற இடமென்றால் அது வேறு. அதற்கு முன்பே, அந்தக் கார் காட்சியிலேயே போய்விட்டாரா?