கதைகளில் வரும் சூதாடிகள்: வாசகர் கேள்விகளும் என் பதில்களும்

சூதை விட முடியாத கதைமாந்தர்களைப் பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

அக்கா, தருமரைச் சூதுக்கு அடிமை என்று சொல்லலாமா? அழைத்தால் மறுக்கக் கூடாது என்பதால்தானே போனார்?

அவர் சொன்ன காரணம் அதுதான். ஆனால் வனபர்வத்தில் பீமன் குத்திக்காட்டும்போது, துரியோதனனின் நாட்டைப் பறிக்கும் ஆசையில்தான் பகடையை எடுத்தேன் என்று அவரே ஒப்புக்கொள்கிறார். பலர் இதைக் கவனிப்பதில்லை.

சபையில் நடப்பதையும் பாருங்கள். ஒவ்வொரு முறையும் சகுனி 'வென்றேன்' என்கிறான். தருமர் போனதைப் பற்றிப் பேசாமல் அடுத்த பணயத்தைச் சொல்கிறார். நகுலனும் சகாதேவனும் போன பிறகு, 'மாத்ரியின் பிள்ளைகளை வைத்துவிட்டாய், பீமனும் அர்ஜுனனும் உனக்கு உசத்தியோ' என்று சகுனி சீண்டுகிறான். தருமருக்குக் கோபம் வருகிறது. சரி, எழுந்து போவார் என்று பார்த்தால் அர்ஜுனனை வைக்கிறார். அந்தப் பகல் முழுக்க அவர் அடிமைதான் என்பேன். வாழ்நாள் முழுக்க என்று சொல்ல மாட்டேன். பின்னால் விராடன் அரண்மனையில் கங்கன் என்ற பெயரில் ஒரு வருடம் பகடை ஆடியே பிழைக்கிறார். அங்கே ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

நளன் மேல் தப்பில்லைதானே? கலி புகுந்ததால் ஆடினான்.

கலியை எடுத்துவிட்டுப் படித்தாலும் அவன் செய்வதெல்லாம் நாம் பார்த்த மனிதர்கள் செய்வதுதான். வியாச பாரதத்தில் அந்த ஆட்டம் மாதக்கணக்கில் நடக்கிறது. ஊர் மக்கள் வாசலில் வந்து நிற்கிறார்கள், தமயந்தி அழுது கூப்பிடுகிறாள், அவன் பதிலே பேசுவதில்லை. அவள் காத்திருக்காமல் தேரோட்டி வார்ஷ்ணேயனை அழைத்து, குழந்தைகள் இரண்டையும் விதர்ப்பத்தில் தன் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிடுகிறாள். அவனைத் திருத்துவதற்கு முன்னால் காப்பாற்ற முடிந்ததைக் காப்பாற்றினாள். இந்த வகைக் கதைகள் எல்லாவற்றிலும் தெளிவான தலை அவளுக்குத்தான் என்று நினைக்கிறேன்.

எல்லாம் போன பிறகு, தமயந்தியை வை என்று எதிரே ஆடும் தம்பி புட்கரன் கேட்கிறான். நளன் வைக்கவில்லை, எழுந்துவிடுகிறான். இதை எல்லோரும் பாராட்டுவார்கள். ஆனால் கடைசியில் அயோத்தி அரசன் ருதுபர்ணனிடம் பகடை வித்தை கற்று, கலியும் விட்டுப் போன பிறகு திரும்பி வருகிறானே, அப்போது ஒரே ஆட்டத்தில் தமயந்தியையும் சேர்த்துப் பணயம் வைக்கிறான்! ஜெயித்துவிட்டதால் நாம் அதைக் கேட்பதில்லை. எனக்கு அது இன்னும் உறுத்துகிறது.

தஸ்தயேவ்ஸ்கியின் 'சூதாடி' நாவலில் அந்தப் பாட்டி எதற்கு?

கதைநாயகன் அலெக்ஸிக்குச் சாக்கு இருக்கிறது: தான் காதலிக்கும் போலினாவுக்காக ஆடுகிறேன் என்பான். பாட்டிக்கு ஒரு சாக்கும் இல்லை. 75 வயது, பணத்துக்குக் குறைவில்லை. செத்துவிட்டாள் என்ற தந்திக்காகச் சொந்தக்காரர்கள் காத்திருக்க, ஆட்கள் நாற்காலியில் தூக்கிவர அவளே வந்து இறங்குகிறாள். வேடிக்கை பார்க்கத்தான் ரூலெட் மேசைக்குப் போகிறாள். எண் போட்ட சக்கரத்தைச் சுழற்றி, எந்த எண்ணில் பந்து விழும் என்று பணம் கட்டும் ஆட்டம் அது. பூஜ்யத்தின் மேல் கட்டுகிறாள், விழுந்துவிடுகிறது. அவ்வளவுதான், மறுபடி வந்து அத்தனையையும் விடுகிறாள்.

ஒற்றைப் பூஜ்யம் உள்ள சக்கரத்தில் 37 எண்கள். கட்டிய எண் விழுந்தால் தருவது 35 மடங்கு. அந்த வித்தியாசத்தில்தான் சூதாட்ட விடுதி பிழைக்கிறது. அந்தக் கணக்கு பாட்டிக்குத் தெரிந்திருந்தாலும் நின்றிருக்க மாட்டாள். அவளைப் பிடித்தது முதல் ஜெயிப்பு. வள்ளுவர் ஜெயித்த பணத்தையே மீன் விழுங்கிய தூண்டில் இரும்பு என்றார். தோற்றவனைப் பற்றி எழுதுகிறவர்கள் நிறையப் பேர், ஜெயித்த நாளை இவ்வளவு பயங்கரமாக எழுதியவர்கள் குறைவு.

தஸ்தயேவ்ஸ்கியின் சொந்த அனுபவமா அது?

ஆமாம், அவரே கடுமையான ரூலெட் பித்தர். 1866 நவம்பர் 1-க்குள் புது நாவல் தராவிட்டால் ஒன்பது வருடத்துக்குத் தன் எழுத்தின் உரிமை பதிப்பாளருக்குப் போய்விடும் என்ற ஒப்பந்தத்தில் மாட்டிக்கொண்டு, சுருக்கெழுத்தாளர் அன்னாவிடம் 26 நாளில் சொல்லி முடித்தார். மறு வருடம் அன்னாவையே மணந்தார். ஆட்டத்தை விட்டது 1871-ல்தான். இவ்வளவு துல்லியமாக எழுதியும் உடனே விட முடியவில்லை.

புஷ்கினின் 'இஸ்பேட் ராணி' ஹெர்மன் சீட்டையே தொடுவதில்லையே, அவனை எப்படி இதில் சேர்ப்பது?

விடிய விடிய மற்றவர்கள் ஆடுவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பவன் அவன். கை மட்டும்தான் சும்மா இருக்கிறது. மூன்று, ஏழு, ஏஸ் என்ற சீட்டுகளை வரிசையாகக் கட்டினால் ஜெயிக்கலாம் என்ற ரகசியம் கிடைத்ததும் என்ன ஆகிறான் என்று படித்தால் நீங்களே சேர்த்துவிடுவீர்கள்.

நாவல் எழுதுகிறேன். என் நாயகன் ஆன்லைன் ரம்மியில் விழுந்தவன். எதைக் கவனிக்க வேண்டும்?

கடன்காரன் கதவைத் தட்டும் காட்சியில் தொடங்காதீர்கள். அவன் ஜெயித்த இரவிலிருந்து தொடங்குங்கள். அப்புறம், பணம் அவனுக்குப் பணமாக இல்லாமல் போவதைக் காட்டுங்கள். அலெக்ஸி சாப்பாட்டுக்கு வைத்திருந்த கடைசிக் காசைக் கொண்டுபோய்க் கட்டுகிறான், அந்தத் துணிச்சலை நினைத்துப் பெருமையும் படுகிறான்.

முக்கியமாக, அவன் சத்தியம் செய்யும்போது பொய் சொல்வதாக எழுதாதீர்கள். ஸ்டெஃபான் ஸ்வைக்கின் 'ஒரு பெண்ணின் வாழ்வில் இருபத்து நான்கு மணி நேரம்' கதையில், மான்டி கார்லோவில் சாகக் கிளம்பிய இளைஞனை ஒரு பெண் காப்பாற்றுகிறாள். தேவாலயத்தில் அவன் மனசார உறுதிமொழி எடுக்கிறான். அன்று இரவே, ஊர் திரும்ப அவள் கொடுத்த பணத்தோடு மேசையில் உட்கார்ந்திருக்கிறான். உறுதிமொழி உண்மையாக இருந்தால்தான் அந்த இரவு வாசகனுக்கு வலிக்கும்.

இதில் முதலில் எதைப் படிக்கலாம்?

ஸ்வைக். சின்னக் கதை, ஒரே மாலையில் முடியும். சூதாடும் கைகளை அவர் விவரிக்கும் பக்கங்களுக்காகவே படிக்கலாம். அதன் பிறகு 'சூதாடி'யை எடுங்கள்.