இடைவேளையில் ஓடியாடாமல் ஓரமாக நிற்கும் குழந்தையை விளையாட வைப்பது எப்படி?

தொடக்கப் பள்ளி ஆசிரியை நான். இடைவேளையில் மைதானத்தைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு பல வருடங்களாக என்னிடம் இருக்கிறது. "போய் விளையாடுங்க, போங்க" என்று எத்தனை தடவை சொன்னாலும் ஓரத்தில் நிற்கிற பிள்ளை அங்கேயேதான் நிற்கும். ஏன் என்று தெரிந்துகொள்ள ஒருநாள் நானும் சுவரோரம் போய் நின்றேன்.

நடு மைதானம் முழுக்கப் பந்து விளையாடும் பெரிய பையன்கள், பத்துப் பன்னிரண்டு பேர். மற்ற அத்தனை பேரும் விளிம்பில். மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, பந்து வரும்போதெல்லாம் சுவரோடு ஒட்டிக்கொள்வாள். போனதும் ஓரடி முன்னால் வருவாள். இருபது நிமிடமும் இதேதான். விளையாட ஆசை இருந்தது, கால் வைக்கத்தான் இடமில்லை.

மறுநாளே பந்தாட்டத்துக்கு ஒரு பக்கத்தை ஒதுக்கிக் கோடு போட்டோம். மீதி இடத்தில் சாக்பீஸால் நொண்டிக் கட்டம், பாம்பு மாதிரி வளைந்து போகும் நீளக் கோடு, சுவரில் குறிபார்த்து எறிய ஒரு வட்டம். ஒரு கூடையில் ஸ்கிப்பிங் கயிறு, சின்னப் பந்துகள், வளையங்கள். அந்தப் பெண் முதல் சில நாள் கோட்டின் மேல் தனியாக நடந்தாள். இரண்டாம் வாரம் கயிற்றின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு, "யாராவது சுத்த வாங்களேன்!" என்று கத்திக்கொண்டிருந்தாள்.

ஆட்ட விதிகளையும் கொஞ்சம் கவனியுங்கள். 'அவுட்' ஆனால் வெளியே உட்கார வேண்டும் என்றால், வேகமாக ஓட வராத பிள்ளைதான் முதலில் உட்காரும். பத்து முறை குதித்துவிட்டுத் திரும்ப வரலாம் என்று மாற்றினோம். அதற்காக விசில் அடித்து எல்லாரையும் வரிசையில் நிறுத்திவிடாதீர்கள், அது அவர்களுடைய நேரம்.

வீட்டுப்பாடம் முடிக்காததற்கு இடைவேளையைப் பிடுங்குவதை தயவுசெய்து நிறுத்துங்கள். நானும் செய்திருக்கிறேன், இன்றைக்கும் வருந்துகிறேன். அப்படி உட்கார வைத்த பையன் அடுத்த வகுப்பு முழுக்க நெளிந்துகொண்டே இருந்தான். தண்டனைக்காகவோ படிப்புக்காகவோ இடைவேளையை மறுக்கக் கூடாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாதமி 2013-லேயே சொல்லிவிட்டது. 5 முதல் 17 வயது வரை உள்ளவர்களுக்கு, நாளுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்குகிற அளவுக்கு உடல் அசைய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பள்ளி விட்டு வந்தால் படிப்பு, திரை என்று உட்கார்ந்தே இருக்கும் பிள்ளைக்கு இந்த இருபது நிமிடம் பெரிய பங்கு.

நீங்கள் பெற்றோர் என்றால், மாலையில் "இன்னைக்கு யாரோட விளையாடின?" என்று கேளுங்கள். "யாரும் இல்ல" என்ற பதில் நாலு நாள் தொடர்ந்தால் வகுப்பாசிரியரிடம் சொல்லிவிடுங்கள். அத்தனை பேர் ஓடும் இடத்தில், சத்தமில்லாமல் நிற்கிற ஒரு பிள்ளை எங்கள் கண்ணில் படாமல் போவது உண்டு.