கோபத்தோடு நோன்பு பிடிக்கலாமா?

கேள்வி: காரைக்குடிப் பக்கம் எங்கள் ஊர். ஆடியில் என் கணவருக்குப் பக்கவாதம் வந்து, வலது கை விழுந்துவிட்டது, பேச்சும் குழறுகிறது. கடையைப் பூட்டிவிட்டோம். பக்கத்து வளவுத் தம்பிதான் அன்று ராத்திரியே மதுரைக்குக் கார் ஓட்டினார். அவருக்கு இன்னும் பெட்ரோல் காசுகூடக் கொடுக்கவில்லை, பார்க்கவே கூச்சமாக இருக்கிறது. பிள்ளையார் நோன்புக்கு வருஷா வருஷம் எல்லோருக்கும் இழை எடுத்துக் கொடுப்பவர் என் கணவர். இந்த வருஷம் எனக்கு மனமே வரவில்லை, தூக்கமும் இல்லை. "உசிர் தப்புனதே பெருசு, நன்றி சொல்லு. பர்மாவுல எல்லாத்தையும் விட்டுட்டு வந்தவுக அழுதுக்கிட்டா இருந்தாக?" என்கிறார் மாமியார். சாமிமேல் கோபத்தை வைத்துக்கொண்டு இழை எடுப்பது பாவமா?

பதில்: பாவமே இல்லை, சகோதரி. கோபத்தோடேயே எடுத்துக்கொள்ளுங்கள்.

கோபம் வந்தால் பக்தி போய்விட்டது என்று யார் சொன்னது? சுந்தரரைப் பாருங்கள். பார்வை பறிபோய், காஞ்சியில் ஒரு கண் மட்டும் திரும்பி, மற்றது வராமல் திருவாரூரில் வந்து நின்றவர், "வாழ்ந்து போதீரே" என்று பாடினார். நாங்கள் இப்படிக் கிடக்க, நீர் மட்டும் நன்றாக இரும் என்கிற பேச்சு அது. அதையும் தேவாரமாகத்தான் ஓதுகிறோம்.

நீங்கள் பிடிக்கும் நோன்பும் அப்படிப்பட்டதுதான். (மற்ற வாசகர்களுக்காக: திருக்கார்த்திகையில் தொடங்கி 21 நாள், நாளுக்கு ஒரு நூல். கடைசி நாளில் அந்த நூல்களைத் திரித்து, மாவில் வைத்து ஏற்றி, சுடரோடு வாயில் போட்டுக்கொள்வார்கள். அந்தத் திரிதான் இழை.) கடலில் புயலில் மாட்டிக்கொண்ட வணிகர்கள், கட்டியிருந்த வேட்டியிலிருந்து நூலை உருவித் திரியாக்கினார்கள் என்பது பெரியவர்கள் சொல்லும் கதை. அந்த நேரத்தில் அவர்கள் மனநிறைவோடு கும்பிட்டிருப்பார்கள் என்றா நினைக்கிறீர்கள்?

பக்கவாதத்துக்கு நீங்கள் யாருக்கும் நன்றி சொல்ல வேண்டியதில்லை. அந்தத் தம்பிக்குச் சொல்ல வேண்டும். பணம் புரளட்டும் என்று காத்திருக்காதீர்கள். ஒரு தூக்கில் கந்தரப்பம் போட்டு எடுத்துக்கொண்டு போய், "காசு பிறகு தர்றேன்ப்பா, அன்னிக்கு நீ இல்லைன்னா..." என்று ஆரம்பியுங்கள். மீதி தானாக வரும்.

மாமியார் விஷயம். 1942-இல் ஜப்பான்காரன் பர்மாவுக்குள் வந்தபோது, அங்கே தொழில் செய்த நம் பக்கத்துக்காரர்களில் சொத்தை விட்டுவிட்டு, காடும் மலையுமாக நடந்தே வந்தவர்கள் உண்டு. அவர்கள் அழவில்லை என்று யார் பார்த்தது? வீட்டு முகப்பில் அழுதிருக்க மாட்டார்கள், உள்ளே இரண்டாங்கட்டில் அழுதிருப்பார்கள். அந்த அம்மாவுக்கும் விழுந்தது மகன் அல்லவா? பயத்தில் பேசுகிறார். பதிலுக்குப் பதில் பேசாமல், மாவு பிசையக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வையுங்கள்.

இழையை யார் எடுத்துக் கொடுப்பது என்று உங்களுக்குள் முடிவு செய்துவிடாதீர்கள், அவரிடமே கேளுங்கள். பேச்சுக் குழறினாலும் தலையாட்ட முடியுமே. இடது கையால் கொடுக்கட்டும், பிள்ளையார் கோபிக்க மாட்டார். ஆனால் பக்கவாதம் வந்தவர்களுக்கு விழுங்குவதில் சிரமம் இருக்கலாம், புரையேறும். டாக்டரிடம் கேட்காமல் அவர் வாயில் இழையைக் கொடுக்க வேண்டாம். தொட்டுக் கும்பிட்டாலே போதும்.

அப்புறம் உங்கள் தூக்கம். அதையும் அதே டாக்டரிடம் சொல்லுங்கள். நடுராத்திரியில் மனசு தாங்கவில்லை என்றால் 14416-க்குப் போன் போடுங்கள். அரசின் டெலி மானஸ் எண், இலவசம், தமிழிலேயே பேசலாம்.